உங்களுக்கு மட்டும் இந்த ரேட்

என் குரல் கேட்டதும் நசீர் பாய் முதலில் கேட்பது, "சொல்லுங்க மேடம், சாப்ட்டீங்களா?" என்பதுதான். நானும் "ஆச்சு பாய்" என்பேன். சாப்பிட்டிருந்தாலும் ஆச்சு, சாப்பிடாவிட்டாலும் ஆச்சு. ஆறு வருடமாக இப்படித்தான் போகிறது. இந்த ஆறு வருடத்தில் அவர் முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்திலும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலும் நிலக்கரியைத் தூக்கிப் போகும் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டுவதும், நின்றால் ஓட வைப்பதும் எங்கள் தொழில். பெரிய கோளாறு என்றால் புனேயிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் இன்ஜினியர்கள் வருவார்கள். அவர்களுக்கு டிக்கெட், கார், ரூம் போடுவது என் பொறுப்பு. ரூம் எப்போதும் நெடுஞ்சாலையில் இருக்கும் சில்வர் ஆங்கர் ஹோட்டலில்தான். நசீர் பாய் அங்கே ரிசர்வேஷன் பார்க்கிறார்.

கார்ப்பரேட் ரேட் என்றால் ஏதோ கூப்பனில் வரும் தள்ளுபடி என்று எங்கள் ஆபீசிலேயே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அது ஒரு வாக்கு. வருடத்துக்கு இத்தனை இரவு எங்கள் ஆட்கள் உங்களிடம் தங்குவார்கள் என்று நாங்கள் சொல்கிறோம். அப்படித் தங்கினால் வருடம் முழுக்க இதுதான் விலை என்று அவர்கள் சொல்கிறார்கள். வாசலில் வந்து நிற்கிறவனுக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆகும் ரூம் எங்களுக்கு இரண்டாயிரத்து அறுநூற்றைம்பது. காலை டிபன் அதிலேயே சேர்த்தி. கிரிக்கெட் மேட்ச் நடந்தாலும், மார்கழியில் ஊரே நிறைந்து வழிந்தாலும் விலை ஏறாது. வருகிறவர் கம்பெனி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது நசீர் பாய் குரலைத் தாழ்த்திச் சொல்வார். "உங்களுக்கு மட்டும்தான் மேடம் இந்த ரேட்டு. வெளிய சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டடத்து வால்வு கம்பெனியில் இதே வேலை பார்க்கும் ராமசெல்வி தினமும் என்னோடு ஒரே பஸ்ஸில் வருபவள். "உங்களுக்கு என்ன ரேட் குடுக்கிறாங்க, ரோஸ்மேரி?" என்று எத்தனையோ தடவை போட்டு வாங்கப் பார்த்தாள். தீபாவளிக்கு அதிரசம்கூடக் கொடுத்துப் பார்த்தாள். அதிரசத்தைத் தின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு விசுவாசம்.

இதில் என்ன பெரிய விசுவாசம் என்று கேட்பவர்களுக்கு என் நாள் எப்படி என்று தெரியாது. ராயபுரத்தில் எனக்கு ஒரு வீடு, அதில் நான் மட்டும். கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல காரணம்கூட என்னிடம் இல்லை. பஹ்ரைனில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அங்கே வெயில் எவ்வளவு என்று சொல்வான், வைத்துவிடுவான். ஆபீசில் எல்லோரும் என்னோடு பேசுகிறார்கள். எல்லாம் கார் எங்கே, டிக்கெட் எங்கே என்கிற பேச்சு. நான் சாப்பிட்டேனா இல்லையா என்று இந்த ஊரில் கேட்பவர் நசீர் பாய் ஒருவர்தான். அதற்காகவே அவரைக் கூப்பிடக் காரணம் தேடுவேன். ரூம் நீட்டிக்கணும், பில்லில் பெயர் தப்பு, வருகிறவருக்கு லிஃப்ட் பக்கத்து ரூம் வேண்டாம். அவரிடம் இருப்பது ஒரே லைன். பிஸியாக இருந்தால் வைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போடுவேன். கிடைக்காமல் விட்டதில்லை.

இந்த வருடம் அதற்கு வேட்டு வைத்தது வீடியோ கால். புனே இன்ஜினியர்கள் இப்போது முன்போல வருவதில்லை. இங்கே வெல்டர் போனைப் பெல்ட்டுக்கு நேராகப் பிடிக்கிறான், அவர்கள் அங்கே உட்கார்ந்து 'இதைக் கழற்று, அதை மாட்டு' என்கிறார்கள். பெல்ட்டும் ஓடிவிடுகிறது. மார்ச் பாதியில் கணக்குப் பார்த்தால், நாங்கள் சொன்ன நூற்றைம்பது இரவில் ஒன்பது குறைகிறது; அது நிரம்பாவிட்டால் ஏப்ரலில் அந்த ரேட் கிடையாது.

முதலாளி சுடலைராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை. நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

"விட்டுத் தள்ளும்மா ரோஸ்மேரி. ஏப்ரல்லருந்து போன் ஆப்புலயே ரூம் போட்டுருவோம். இத்தனை ராத்திரின்னு யாருக்கும் வாக்கு குடுக்க வேண்டாம். நீ யாருகிட்டயும் போன்ல மல்லுக்கட்டவும் வேண்டாம், பாத்துக்கோ. விரலால தட்டுனா முடிஞ்சு போச்சு."

 நான் கால்குலேட்டரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஆப்பில் விலை ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது; சராசரியாக இரவுக்கு எழுநூற்றைம்பது கூடும். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். குறைகிற ஒன்பது இரவையும் நாமே காசு கொடுத்து நிரப்பினால் இருபத்து நாலாயிரத்துக்குள் முடிந்துவிடும், ரேட்டும் நிற்கும். அவர் கணக்கை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

"சும்மா ரூபாயைக் கட்டிட்டு, ரூமைப் பூட்டியே போட்டுட்டா?"

"ஆள் வரலைன்னா கணக்குல சேராது சார். வந்து, கார்டு காட்டி, தங்கணும்."

"அப்ப நம்ம ஆளுகளையே அனுப்பு," என்றார். "ஆனா ஒண்ணு. ஒரு ராத்திரி குறைஞ்சாலும் நான் ஆப்புக்குத்தான் போவேன்."

அப்படித்தான் மார்ச் கடைசியில் எங்கள் ஆபீஸ் ஆட்கள் தங்கள் வீடுகளிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஏசி ரூமில் போய்ப் படுத்துவிட்டு வந்தார்கள். அக்கவுண்டன்ட் பக்தவச்சலம் மனைவியோடு போனார். மறுநாள் மேஜை டிராயரில் குட்டிச் சோப்பும் ஷாம்பூவும் இருந்தன. பூரி நன்றாக இருந்ததாம், வீடு திரும்பியதிலிருந்து மனைவிதான் பேசவில்லையாம். டிரைவர் இன்னாசி எண்ணூர்க் குப்பத்துக்காரன். அவனும் மனைவி சிலுவையம்மாளோடு போனான். காலையில் கண் சிவந்து வந்து நின்றான்.

"இன்னா இன்னாசி, நல்லா தூங்கினியா?"

"எங்க மேடம் தூங்கறது. சத்தமே இல்ல. எங்க வூட்டாண்ட நைட்டு முச்சூடும் கன்டெய்னர் லாரி போய்கினே இருக்கும், அத்த கேட்டுகினே தூங்குவோம். அங்க காது உள்ளாற கொய்ங்னு கீது. எம் பொஞ்சாதி வேற, மெத்த அமுங்குது பயமா கீதுன்னு கீழ எறங்கி பட்த்துகிச்சு. பேஜாரா பூட்ச்சு."

ஆனாலும் இரவு கணக்கில் சேர்ந்தது. வெல்டர்கள் போனார்கள், ஸ்டோர்ஸ் சவரிநாதன் இரண்டு தடவை போனார். எட்டு நிரம்பியது. கடைசி ஒன்றுக்கு ஆள் இல்லை. மாதக் கடைசி, எல்லோரும் சைட்டில். நசீர் பாய்க்குப் போன் போட்டேன்.

"கடைசி ரூமு ஒண்ணு போடுங்க பாய். ஆள் பேர் அப்புறம் சொல்றேன்."

"கம்பெனி பேர்லயே போட்டு வெக்கிறேன் மேடம். கார்டோட வந்தா போதும். சாப்ட்டீங்களா?"

"ஆச்சு பாய்."

அது நோன்பு மாதம். இந்த வருடம் நோன்பும் கணக்கு முடிக்கும் மாதமும் ஒன்றாக வந்துவிட்டன. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர் என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மனசு என்னவோ போல ஆனது. அந்தக் கடைசி ஆள் நானேதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். போய் அவர் முன்னால் நின்று, 'நான்தான் ரோஸ்மேரி' என்று சொல்ல வேண்டும். அவர் எழுந்து நிற்பார், சிரிப்பார். அதற்கு மேல் என் கற்பனை போகவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலம் நல்ல புடவையாகத் தேடிக் கட்டிக்கொண்டேன். காலையில் டீயில் நனைத்த பன் ஒன்றுதான் வயிற்றில் இருந்தது. மதியம் படபடப்பில் டப்பாவைத் திறக்கவே இல்லை. ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "ஊருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பக்கத்திலேயே, காலடிப்பேட்டை வருமுன் இறங்கியதைப் பார்த்து அவள் என்ன நினைத்திருப்பாளோ.

கவுண்டரில் ரூபினா என்று பெயர் குத்தியிருந்த பெண் என் அட்டையை வாங்கிப் பதிந்துகொண்டாள். சாவி அட்டையைக் கொடுத்தாள். நான் லிஃப்ட் பக்கம் போகாமல் கண்ணாலேயே தேடினேன். கவுண்டரை ஒட்டி ஒரு கண்ணாடித் தடுப்பு, பாதி திறந்த கதவு, கதவில் 'ரிசர்வேஷன்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒருவர்.

நான் நினைத்து வைத்திருந்த ஆள் உயரமானவர், நாற்பது வயது, தாடியை அழகாகக் கத்தரித்தவர். இவருக்கு அறுபதை ஒட்டி இருக்கும். ஒல்லி. தலையில் தொப்பி, சட்டைக் காலர் தேய்ந்து வெளுத்திருந்தது. மேஜை மேல் ஒரு எவர்சில்வர் தூக்கு, ஒரு தண்ணீர் பாட்டில், காகிதத்தில் இரண்டு பேரீச்சம்பழம். தெருக்கோடிப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு கேட்டது. அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரு பழத்தை வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார், தூக்கின் மூடியில் கை வைத்தார். போன் அடித்தது. கையை எடுத்துவிட்டு ரிசீவரை எடுத்தார்.

இந்தப் போன் முடிந்ததும் உள்ளே போய்விடலாம் என்று கதவோரம் நின்றேன்.

"ரிசர்வேஷன், நசீர்... சொல்லுங்க மேடம், சாப்ட்டீங்களா?"

அதே குரல், அதே இழுப்பு, அதே சின்னச் சிரிப்பு.

"ஏப்ரலுக்கு அதே ரேட்டு போட்டுட்டேன் ராமசெல்வி மேடம். உங்களுக்கு மட்டும்தான் இது. வெளிய சொல்லிடாதீங்க."

எனக்குக் காது சுட்டது. நான் அங்கே நிற்பது யாருக்கும் தெரியாது, ஆனாலும் எல்லோர் முன்னாலும் அறை வாங்கியது போல இருந்தது. கவுண்டருக்கு எதிரே, மீன் தொட்டிக்குப் பின்னால் இருந்த சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டேன். பையைப் பக்கத்தில் வைத்தேன்.

கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. இது அவர் வேலை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ரேட் உண்டு, ஒவ்வொரு ரேட்டும் ரகசியம், ஒவ்வொரு மேடமும் 'உங்களுக்கு மட்டும்'தான். இந்தத் தொழிலில் ஊறிய எனக்கு இது தெரியாதா? தெரியும். விலை விஷயத்தில் தெரியும். சாப்பிட்டீர்களா என்பதையும் அதே விலைப்பட்டியலில் சேர்த்து எல்லோருக்கும் கொடுப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. பக்கத்துக் கட்டடத்துக்காரிக்கும் அது கிடைத்துக்கொண்டிருக்கிறது. நான் பைத்தியக்காரி போல அதிரசத்துக்கும் மசியாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. போனால் இரவு கணக்கில் சேராது, ஒன்று குறையும், ஆப் வரும். வரட்டுமே என்றும் தோன்றியது. இந்தக் குரல் எல்லோருக்கும் பொது என்றால் அது இல்லாமல் போனால்தான் என்ன?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுத்த போன் அடித்தது. அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் ரிசீவரை வைத்துவிட்டுத் தூக்கின் மூடியில் கை வைப்பார், அது திரும்பவும் அடிக்கும். அப்போதுதான் அவர் முகத்தைக் கவனித்தேன். குரல் சிரிக்கும்போது முகம் சிரிக்கவே இல்லை. கண் தூக்கின் மேலேயே இருந்தது. விடியலுக்கு முன்னால் சாப்பிட்டது, அதன் பிறகு ஒரு பழம், ஒரு வாய் தண்ணீர். உள்ளே நோன்புக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஜன்னத் அக்கா வருடா வருடம் கஞ்சி கொடுத்தனுப்புவார். ஆறினால் அது எப்படிக் கெட்டியாகிப் போகும் என்று எனக்குத் தெரியும். சுற்றிலும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அந்த மனிதரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்க ஒருவரும் இல்லை. நானும் ஆறு வருடத்தில் கேட்டதில்லை.

கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். பிஸி. வைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி. நான்தான் கிடைக்காமல் விடுகிறவள் இல்லையே. கிடைத்தது.

"ரிசர்வேஷன், நசீர்."

வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். "ரோஸ்மேரி பேசறேன் பாய்."

"சொல்லுங்க மேடம். இன்னா இந்த நேரத்துல? சாப்ட்டீங்களா?"

"ஆச்சு." வயிறு ஒட்டிப்போயிருந்தது. "நீங்க நோன்பு தொறந்தாச்சா?"

 அவர் கண்ணாடி வழியாக எங்கேயோ பார்த்தார். பிறகு மூடி திறக்காத தூக்கைப் பார்த்தார்.

"ஆச்சு மேடம். சூடா கஞ்சி குடிச்சேன். இப்பதான் தூக்கைக் கழுவி வெச்சேன்."

அந்தப் பொய் எனக்கு நன்றாகத் தெரிந்த பொய். இத்தனை வருடமாக அவருக்கு நான் சொன்னது அதுதான். என் கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. போனை வைக்கப் போனேன். வைத்தால் உடனே அடுத்தவர் கூப்பிடுவார். அவரிடம் இருப்பது ஒரே லைன். அந்த லைன் இப்போது என் கையில் இருந்தது.

"பாய், ஒரு ரூம் விஷயமாப் பேசணும். ஃபைல் உள்ள இருக்கு, தேடி எடுத்துட்டு வரேன். கொஞ்ச நேரம் ஆகும். லைன்லயே இருங்க, வெச்சிடாதீங்க."

"இருக்கேன் மேடம். நிதானமா எடுங்க."

போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் ரிசீவரோடு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தூக்கைத் திறந்து, கரண்டியால் கஞ்சியைக் கிளறினார். ஒரு வாய் எடுத்து வைத்தார். அடுத்த வாய் வேகமாக. அதன் பிறகு நிதானம் வந்தது. டிராயரிலிருந்து ஒரு வடையை எடுத்துப் பிட்டுப் போட்டுக்கொண்டார். யாரோ அந்த லைனுக்கு முயன்றுகொண்டிருந்திருப்பார்கள், ராமசெல்வியாகக்கூட இருக்கலாம். முயலட்டும் என்று இருந்தேன். சுடலைராஜின் கணக்கில் சேராத ஒரு வேலையை நான் அப்போதுதான் முதல்முறையாகச் செய்துகொண்டிருந்தேன்.

அவர் தூக்கைச் சாய்த்து கடைசிக் கஞ்சியையும் வழித்துக் குடிக்கும்வரை நான் போனை எடுக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டார். நான் போனைக் காதில் வைத்தேன்.

"கெடச்சுதா மேடம்?"

"கெடச்சுது பாய். ஒண்ணுமில்ல, அந்தக் கடைசி ரூமுக்கு ஆள் வந்தாச்சான்னு கேக்கத்தான்."

"ஒரு நிமிஷம்." ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். "ரூபினா, கன்வேயர் கம்பெனி ரூமுக்கு ஆள் வந்தாச்சாம்மா?"

இதை நான் யோசிக்கவே இல்லை.

"அப்பவே வந்துட்டாங்களே," என்றாள் ரூபினா. "அதோ, மீன் தொட்டியாண்ட உக்காந்துகினு கீறாங்களே, அவங்கதான். ரோஸ்மேரின்னு பேரு."

அவர் திரும்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிசீவரோடு அவர், இந்தப் பக்கம் காதில் போனோடு நான். போனை அணைத்துவிட்டு லிஃப்டுக்கு ஓடியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். அவர் என் பையைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு குனிந்து காலியான தூக்கைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

எழுந்து வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. ரிசீவரை மறுபடி காதில் வைத்துக்கொண்டார். பேசியபோது குரலில் அந்தச் சிரிப்பு இல்லை. நான் அதுவரை கேட்டிராத, களைத்துப்போன, வயசான குரலாக இருந்தது.

"வந்துட்டாங்க மேடம்," என்றார், என்னைப் பார்த்தபடியே.  "சாப்ட்டாங்களான்னு கேக்கட்டுமா?"

'ஆச்சு' என்று நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"கேளுங்க பாய்."

"சாப்ட்டீங்களா மேடம்?"

"இல்ல," என்றேன். "காலையிலருந்து சாப்பிடல."